உம் கொட்ட ஓர் இடைவெளி

நடந்துகொண்டே வந்த டோரா சட்டென்று நிற்கிறாள். எதிரே ஆறு. நம் பக்கம் முகத்தைத் திருப்பி, பாலம் எங்காவது கண்ணில் படுகிறதா என்று கேட்கிறாள். கேட்டதோடு சரி, அடுத்த வார்த்தை வரவில்லை. கையும் காலும் அசையவில்லை. அந்தப் பெரிய கண்கள் மட்டும் ஒருமுறை இமைத்துத் திறக்கின்றன. இசை அடங்கியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் குரங்குக் குட்டியும் நம்மையே பார்க்கிறது. திரைக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தை எழுந்து நின்று, விரலை நீட்டி, "அதோ!" என்று கத்துகிறது. அடுத்த கணம் திரையில் ஓர் அம்புக்குறி தோன்றி, குழந்தை காட்டிய இடத்திலேயே போய் நின்று 'க்ளிக்' என்கிறது. தன் விரல்தான் அதைச் செய்தது என்று குழந்தை நம்புகிறது.

அந்த ஓரிரு நொடிகளில் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது என்பேன். பாட்டு, வண்ணம், பயணம், குறும்புக்காரக் குள்ளநரி எல்லாம் அந்த ஓரிரு நொடிக்குக் குழந்தையைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான ஏற்பாடுகள்.

நம் பாட்டிமார் கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை வைப்பார்கள்: கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். பேரன் தூங்கிவிட்டானா, பயந்துவிட்டானா, அடுத்தது என்ன என்று தவிக்கிறானா என்பதையெல்லாம் அந்த ஓர் ஒலியிலேயே பாட்டி தெரிந்துகொள்வார். தொலைக்காட்சிக்கு வாய் உண்டு, காது கிடையாது. காது இல்லாத ஒன்று எப்படி உம் கேட்கும்? கேட்காவிட்டாலும் அந்த உம்முக்கு இடம் விட்டுக் கதை சொல்ல முடியுமா? குழந்தைகளுக்கான ஒளிபரப்பில் நல்ல பெயர் எடுத்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள்தான்.

இந்தத் தேடல் தொலைக்காட்சிக்கு முன்பே, வானொலியில் தொடங்கிவிட்டது. 1950 ஜனவரி 16 அன்று பிபிசி வானொலி 'லிசன் வித் மதர்' என்ற கால்மணி நேர நிகழ்ச்சியைத் தொடங்கியது. மதியச் சாப்பாடு முடிந்த வேளை. அம்மாவும் பள்ளிக்குப் போகாத குழந்தையும் வானொலிப் பெட்டியின் முன் உட்காரும் நேரம். கதை ஆரம்பிக்கும் முன் கதை சொல்பவர் ஒரு கேள்வி கேட்பார்: வசதியாக உட்கார்ந்துகொண்டாயிற்றா? கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுப்பார். பிறகுதான் தொடங்குவார். பிரிட்டனில் ஒரு தலைமுறையே அந்தக் கேள்வியை மனப்பாடமாக வைத்திருக்கிறது. கேள்வி நினைவில் நின்றதற்குக் காரணம், அதற்குப் பின்னால் இருந்த அந்தச் சிறு மௌனம். அந்த மௌனத்தில்தான் குழந்தை காலை மடக்கி, பொம்மையை மடியில் வைத்து, ஆச்சு என்று சொல்லி முடிக்கும். நிகழ்ச்சி 1982 வரை நடந்தது.

அமெரிக்காவில் 1952-இல் 'டிங் டாங் ஸ்கூல்' வந்தது. நடத்தியவர் பிரான்சிஸ் ஹார்விச். சிகாகோவின் ரூஸ்வெல்ட் கல்லூரியில் கல்வித்துறைத் தலைவராக இருந்தவர். குழந்தைகளுக்கு அவர் 'மிஸ் பிரான்சிஸ்'. கையில் பழைய பள்ளிக்கூட மணி ஒன்றை ஆட்டி நிகழ்ச்சியைத் தொடங்குவார். கேமராவைக் குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். மேசையின் மேல் இருக்கும் பொருளைத் தரையில் உட்கார்ந்த பிள்ளை எப்படிப் பார்க்குமோ, படமும் அப்படியே வரும். அவர் ஒன்றைக் கேட்பார், நிறுத்துவார், பதில் காதில் விழுந்தவர்போல் தலையசைத்து மேலே போவார். அன்றைய வணிகத் தொலைக்காட்சிக்கு இது புதிது. ஒலிபரப்பில் பேச்சற்ற நொடி என்றாலே ஏதோ கோளாறு என்று பதறும் தொழில் அது. அந்தத் தொழிலுக்குள் இருந்துகொண்டே, தெரிந்தே பேச்சை நிறுத்தினார் ஓர் ஆசிரியை. நிகழ்ச்சி முடியும் தறுவாயில், அம்மாவைக் கூட்டிவா என்று பிள்ளைகளை அனுப்புவார். வந்த தாய்மாரிடம் இன்று என்ன செய்தோம், நாளைக்கு என்ன பொருள்கள் வேண்டும் என்று சொல்வார். கூட்டிவர நேரம் விடுவதும் அந்த நாகரிகத்தின் பகுதியே.

அடுத்த ஆண்டு, 1953 அக்டோபரில், சிபிஎஸ் நிறுவனம் 'விங்கி டிங்க் அண்ட் யூ' என்ற நிகழ்ச்சியைச் சனிக்கிழமைக் காலைகளில் கொண்டுவந்தது. நடத்தியவர் ஜாக் பாரி. ஐம்பது சென்ட் அனுப்பினால் தபாலில் ஒரு பொட்டலம் வரும். அதில் கண்ணாடிபோன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளும், வண்ணக்குச்சிகளும், துடைக்கத் துணியும் இருக்கும். தாளைக் கையால் தேய்த்துவிட்டுத் தொலைக்காட்சித் திரையில் வைத்தால் நிலைமின்சாரத்தால் ஒட்டிக்கொள்ளும். விண்மீன் வடிவத் தலையும் பெரிய கண்களும் கொண்ட விங்கி டிங்க் ஒரு பள்ளத்தின் விளிம்புக்கு வந்து தவிப்பான். புள்ளிகளை இணைத்துக் கோடு போடு என்று பாரி சொல்வார். குழந்தை திரையில் கோடு இழுக்கும்; அதன்மேல் விங்கி டிங்க் நடந்து போவான். ரகசியச் செய்தியும் உண்டு. எழுத்துகளின் பாதிக் கோடுகள் ஒரு கட்டத்தில் வரும், மீதி இன்னொரு கட்டத்தில் வரும். இரண்டையும் வரைந்த பிள்ளைக்கு மட்டுமே செய்தி படிக்கக் கிடைக்கும். தாள் வாங்காத வீடுகளில் குழந்தைகள் நேரே கண்ணாடித்திரை மேலேயே கிறுக்கிவிட்டார்கள், பெற்றோர் நொந்துபோனார்கள். ஆனால் அந்தக் கிறுக்கலில் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. பாலம் போட ஆளில்லை என்றால் அந்தப் பையன் விழுந்துவிடுவான் என்று குழந்தை மனதார நம்பியது. அந்தக் கோடு இல்லாமலும் படம் ஓடத்தான் செய்யும். ஆனால் அந்தரத்தில் நடப்பவனைப் பார்க்க எந்தக் குழந்தைக்கும் மனம் வராது.

பிரிட்டனில் இதே காலத்தில் இன்னொரு விதமான இடைவெளி இருந்தது. மாலை ஆறு மணிக்குக் குழந்தைகள் நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சி ஒளிபரப்பையே ஒரு மணி நேரம் நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளைச் சாப்பிடவைத்துத் தூங்கப்போடப் பெற்றோருக்கு அவகாசம் வேண்டும் என்பது காரணம். மழலைச் சமாதானம் என்று சொல்லத்தக்க ஏற்பாடு அது. 1955-இல் விளம்பர வருமானத்தை நம்பி ஐடிவி வந்தது. ஒரு மணி நேரம் வெறுமனே போவதை அவர்களால் தாங்க முடியவில்லை. 1957 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. குழந்தை எப்போது தூங்கவேண்டும் என்பதை ஒளிபரப்பு நிறுவனமா தீர்மானிப்பது என்று கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. ஆனாலும், பெட்டி தானாகவே ஒதுங்கி நின்று, இனி உங்கள் வீட்டுப் பேச்சு நடக்கட்டும் என்று வழிவிட்ட அந்த ஒரு மணி நேரத்தின் பெருந்தன்மையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே நாட்டில் 1964-இல் வந்த 'பிளே ஸ்கூல்' கேள்விக்கும் விடைக்கும் நடுவே இருக்கும் இன்பத்தை அறிந்திருந்தது. பிபிசியின் இரண்டாவது சானல் ஏப்ரல் 20 இரவு கோலாகலமாகத் தொடங்க இருந்தது. லண்டனில் பாட்டர்சீ மின்நிலையத்தில் ஏற்பட்ட தீயால் மின்சாரம் போய், அன்றைய விழா நிகழ்ச்சிகள் கெட்டன. மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்தச் சானலில் திட்டப்படி ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி, இந்தப் பாலர் நிகழ்ச்சி. ஜாய் விட்பி உருவாக்கியது. அதில் ஒரு சுவரும் மூன்று சன்னல்களும் உண்டு: ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று வளைவு. இன்று எதன் வழியாகப் பார்க்கப் போகிறோம் என்று கேட்பார்கள். கேமரா சன்னல்களை நோக்கி மெல்ல நகரும். வீட்டிலிருக்கும் குழந்தைகள் ஆளுக்கொரு சன்னலின் பெயரைச் சொல்வார்கள். பிறகு ஒன்றை அறிவித்து, கேமரா அதற்குள் நுழையும். ரொட்டிக்கடையோ தபால் நிலையமோ மிருகக்காட்சிசாலையோ விரியும்.

இதில் பாராட்ட வேண்டியது, அந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று இல்லாதது. இன்று வட்டம் என்றால் நாளை சதுரமாக இருக்கும். தப்பாகச் சொன்ன குழந்தைக்குக் குறையில்லை. அது கேட்ட சன்னல் நாளைக்கு வரலாம். வடிவங்களின் பெயரை ஒரு வகுப்பும் எடுக்காமல் நாட்டுக்கே கற்பித்துவிட்டார்கள். பிரிட்டனில் 1988-இல் நின்ற இந்த நிகழ்ச்சி, ஆஸ்திரேலியாவில் 1966-இல் தொடங்கி இன்னும் நடக்கிறது.

இந்த மௌனத்தை ஒரு வாழ்க்கை நெறியாகவே ஆக்கிக்கொண்டவர் பிரெட் ரோஜர்ஸ். பென்சில்வேனியாவில் லட்ரோப் என்ற ஊரில் 1928-இல் பிறந்தவர். தொலைக்காட்சியில் ஆட்கள் முகத்தில் தின்பண்டத்தை எறிந்து சிரிக்கவைப்பதைப் பார்த்து மனம் வெறுத்து, இந்தக் கருவியை இதைவிட நல்லதுக்குப் பயன்படுத்தலாமே என்று அந்தத் தொழிலுக்குள் நுழைந்தவர். பிட்ஸ்பர்கில் குழந்தை உளவியல் அறிஞர் மார்கரெட் மக்பார்லண்டிடம் பல ஆண்டுகள் ஆலோசனை பெற்றார். 1968 பிப்ரவரி 19 அன்று அவருடைய 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பானது. 2001 வரை புதிய பகுதிகள் வந்தன.

ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து உள்ளே வருவார். கோட்டைக் கழற்றி மாட்டுவார். கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டு ஜிப்பை இழுப்பார். அந்தச் சட்டைகளைப் பின்னிக் கொடுத்தவர் அவருடைய அம்மா. உட்கார்ந்து காலணியை அவிழ்த்துக் கேன்வாஸ் காலணி மாட்டுவார். இவ்வளவும் பாடிக்கொண்டே, அவசரமே இல்லாமல். வேறொரு தயாரிப்பாளர் கையில் கிடைத்திருந்தால் இதை வெட்டித் தள்ளியிருப்பார். ஆனால் தன் காலணியோடு தினமும் போராடும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் முன்னுரை இல்லை. இவர் எனக்காக நேரம் எடுத்துக்கொள்கிறார் என்ற உறுதி.

ஒரு நாள், ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று காட்ட நினைத்தார். முட்டை வேகவைக்க நேரம் குறிக்கும் சிறு கடிகாரத்தைத் திருகி வைத்தார். பிறகு முழு நிமிடமும் பேசவில்லை. டிக் டிக் என்ற ஓசை மட்டும். இசை இல்லை, படம் மாறவில்லை. நாடு முழுவதும் போகும் ஒளிபரப்பில் ஒருவர் அறுபது நொடி சும்மா உட்கார்ந்திருந்தார். நேரம் என்ற கண்ணுக்குத் தெரியாத பொருளைக் குழந்தையின் கையில் வைக்க இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் வீட்டுத் தொட்டியில் மீன்கள் உண்டு. நிகழ்ச்சியில் தீனி போடுவார். பார்வையில்லாத ஒரு சிறுமியிடமிருந்து கடிதம் வந்தது: நீங்கள் மீனுக்குச் சாப்பாடு போடுகிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை, அவை பசியோடு இருக்குமோ என்று கவலையாக இருக்கிறது, சொல்லிவிட்டுப் போடுங்கள். அதிலிருந்து தீனி போடும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்கள் காதில் அது தேவையற்ற சொல்லாகவே விழுந்திருக்கும். காது இல்லாத பெட்டிக்குத் தபால் வழியாக வந்து சேர்ந்த ஓர் உம் அது.

ரோஜர்ஸ் கேள்வி கேட்டுப் பொறுத்த பிறகு சொல்லும் அடுத்த வரியைக் கவனிக்க வேண்டும். குழந்தை எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் பொருந்தும்படி அதை அமைத்திருப்பார். உனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை அழுவேன் என்றிருக்கும்; ஒன்று அடிப்பேன் என்றிருக்கும்; ஒன்று பேசாமலே இருந்திருக்கும். மூன்று குழந்தைகளையும் ஒரே வரியில் ஏற்றுக்கொண்டு மேலே போக வேண்டும். மௌனம் விடுவது எளிது. மௌனத்துக்குப் பிறகு என்ன சொல்வது என்பதில்தான் கைத்தேர்ச்சி தெரியும்.

1969 நவம்பர் 10 அன்று தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' வேறு குணம். அது வேகமானது, விளம்பரப் படங்களின் துடிப்பைக் கடன் வாங்கி எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தது. அதை உருவாக்கியவர்கள் ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மாரிசெட்டும். ஆய்வுப் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்மர். அவர் சோதனை செய்த முறை நூதனமானது. ஒரு குழந்தையின் முன் தொலைக்காட்சி; சற்றுத் தள்ளி இன்னொரு திரையில் ஏழரை நொடிக்கு ஒரு முறை மாறும் வண்ணப் படங்கள். குழந்தையின் கண் எப்போது நிகழ்ச்சியை விட்டு அங்கே போகிறது என்று பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். கண் விலகிய இடம் சரியில்லாத இடம், திருத்து.

அந்த வேகத்துக்கு நடுவே ஒரு சிறு துணுக்கு இருக்கிறது. நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் ஆங்கில அகரவரிசையைச் சொல்கிறார். அவ்வளவுதான். மழித்த தலை, நேர்ப்பார்வை, அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் கனத்த குரல். பின்னாளில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் டார்த் வேடருக்கும் 'லயன் கிங்' படத்தில் முஃபாசாவுக்கும் உயிர் கொடுத்த குரல். இருபத்தாறு எழுத்துக்கு ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்கிறார். முதலில் எழுத்து திரையில் தோன்றும். அவர் உடனே சொல்லமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு சொல்வார். எழுத்து மறையும். அடுத்தது தோன்றும்.

குழந்தைகளிடம் இதைப் போட்டுப் பார்த்தபோது ஓர் அழகான வரிசை தெரிந்தது. முதல்முறை பார்க்கும் குழந்தை அவர் சொன்ன பின் திருப்பிச் சொல்கிறது. இன்னும் சிலமுறை பார்த்த பிறகு, எழுத்து தோன்றியதுமே, அவர் வாயைத் திறக்கும் முன் சொல்லிவிடுகிறது. மேலும் பார்த்த பிறகு, எழுத்து தோன்றும் முன்பே அடுத்தது என்ன என்று முந்திக்கொள்கிறது. ஆய்வாளர்கள் இதற்கு 'ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். ஒரே துணுக்கில் மூன்று வகுப்பு. ஒவ்வொரு குழந்தையும் தனக்கேற்ற இடத்தில் நுழைந்துகொள்கிறது. இதைச் சாத்தியமாக்கியது எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே அவர் பிடித்துவைத்த மூச்சு. சிறுவயதில் திக்குவாயால் பல ஆண்டுகள் பேச்சையே தவிர்த்தவர் ஜோன்ஸ். ஒரு சொல் வாய்க்கு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

குழந்தைகளுக்கென்றே தனிச் சானல் வந்த கதையிலும் இந்த இழை ஓடுகிறது. 1977 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 'கியூப்' என்ற கேபிள் சேவை தொடங்கியது. வீட்டுப் பெட்டியில் பொத்தான்கள் இருந்தன. நிகழ்ச்சி கேள்வி கேட்டால் பார்க்கிறவர் பொத்தானை அழுத்திப் பதில் சொல்லலாம். அந்தச் சேவையில் 'பின்வீல்' என்ற குழந்தைகள் சானலும் இருந்தது. 1979 ஏப்ரல் 1 முதல் அது 'நிக்கலோடியன்' என்று பெயர் மாறி நாடெங்கும் போனது. இருவழிக் கேபிள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் ஓய்ந்தது. சானல் வளர்ந்தது. 1988-இல் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்காக 'நிக் ஜூனியர்' என்ற தனிப் பகுதியைக் காலை வேளையில் ஒதுக்கினார்கள். பொத்தானால் முடியாமல் போனதை மௌனத்தால் செய்துகாட்டிய நிகழ்ச்சி அந்தப் பகுதியில்தான் வந்தது.

அது 'ப்ளூஸ் க்ளூஸ்'. 1996 செப்டம்பர் 8-இல் முதல் ஒளிபரப்பு. ஏஞ்சலா சான்டொமெரோ, ட்ரேசி பேஜ் ஜான்சன், டாட் கெஸ்லர் ஆகிய மூவர் உருவாக்கியது. ப்ளூ என்ற நீல நாய்க்குட்டி தான் நினைப்பதைச் சொல்ல வீட்டில் மூன்று இடங்களில் பாதத்தடம் பதித்துவைக்கும். பச்சைக் கோடுபோட்ட சட்டையணிந்த ஸ்டீவ் அந்தத் தடயங்களைத் தேடுவார். தடயம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவர் வேறு பக்கம் பார்ப்பார். வீட்டுக் குழந்தைகள் கத்திக் கதறுவார்கள். எங்கே, எங்கே என்று கேமராவைப் பார்த்துக் கேட்டுவிட்டு நிற்பார் ஸ்டீவ்.

அவர் நிற்கும் நேரம், பெரியவர்களுக்கு நெளிய வைக்கும் அளவு நீளம். அது கணக்குப் போட்டு வைத்த நீளம். மூன்று வயதுக் குழந்தை கேள்வியை வாங்கி, யோசித்து, சொல்லைத் தேடி, வாயைத் திறக்க ஆகும் நேரத்தைக் குழந்தைகளிடமே காட்டிப் பார்த்துத் தீர்மானித்தார்கள். அந்த இடைவெளியின் கடைசியில் திரைக்கு அப்பாலிருந்து சில குழந்தைக் குரல்கள் விடை சொல்லும். இது மிக நுணுக்கமான ஏற்பாடு. விடை தெரிந்த குழந்தைக்குத் தன் குரலோடு இன்னும் நாலு குரல் சேர்ந்த மகிழ்ச்சி. தெரியாத குழந்தைக்கு, யாரும் சுட்டிக்காட்டாமல், தன் வயதுக்காரர்கள் வாயிலிருந்தே விடை கிடைத்துவிடுகிறது. புதிர்களும் போகப் போகக் கொஞ்சம் கடினமாகும். ஐந்து வயதுக்காரருக்கும் வேலை இருக்கும்.

ஸ்டீவ் பர்ன்ஸ் இதையெல்லாம் வெற்று நீலத்திரை முன் தனியாக நின்று நடித்தார். நாய்க்குட்டியும் வீடும் சாமான்களும் பிறகு சேர்க்கப்பட்டவை. எதிரே ஒரு லென்ஸ் மட்டும். அதனிடம் கேட்டுவிட்டு, அது சொல்வதைக் காதில் வாங்குவதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய புருவம் கொஞ்சம் உயரும், தலை ஒரு பக்கம் சாயும். பதில் வந்ததும் முகம் மலரும். வராத பதிலை வந்ததாக நம்பும் அந்த முகத்தைவிட அரிய நடிப்பைச் சின்னத்திரையில் நான் அதிகம் கண்டதில்லை.

இந்த நிகழ்ச்சிக்கு ஆலோசகர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஆண்டர்சன். குழந்தை தொலைக்காட்சியை வாய்பிளந்து பார்க்கும் வெறும் பார்வையாளர் என்ற எண்ணத்தை அவரும் சக ஆய்வாளர்களும் 1970-களிலேயே உடைத்திருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து 'செசமி ஸ்ட்ரீட்' காட்டினார்கள். ஒரு குழுவின் அறையில் விளையாட்டுச் சாமான்கள் இருந்தன, மற்றதில் இல்லை. சாமான் இல்லாதவர்கள் 87 சதவீத நேரம் திரையைப் பார்த்தார்கள். இருந்தவர்கள் 47 சதவீதம்தான். ஆனால் நிகழ்ச்சியைப் புரிந்துகொண்டதில் இரு குழுவும் சமம். விளையாடிக்கொண்டே, தேவையான இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள் அந்தப் பிள்ளைகள். புரிந்தால் பார்க்கும், புரியாவிட்டால் திரும்பிக்கொள்ளும் என்பது ஆண்டர்சன் கண்ட முடிவு.

அதனால்தான் 'ப்ளூஸ் க்ளூஸ்' குழு வேறு யாரும் துணியாத ஒன்றைச் செய்தது: ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பியது. அந்த மறு ஒளிபரப்பை ஆண்டர்சன் குழுவினர் 1999-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தபோது புரிதல் கூடியது. திரையோடு பேசுவதும் கூடியது. முதலில் உன்னிப்பாகக் கவனித்த பிள்ளைகள் போகப் போகக் குரல் கொடுத்தார்கள். பாட்டியிடம் தெரிந்த கதையையே மறுபடி கேட்கும் பேரனுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரியும். தெரிந்த கதையில்தான் உம் பலமாக வரும். 1997 மார்ச் 31-இல் பிபிசியில் தொடங்கிய 'டெலிடப்பிஸ்' இதையே ஒரே பகுதிக்குள் செய்தது. பொம்மைகளின் வயிற்றுத் திரையில் ஒரு குறும்படம் ஓடும். முடிந்ததும் அவை மறுபடி கேட்கும். முழுப் படமும் இன்னொரு முறை ஓடும். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு வயதுக் குழந்தைகள் இரண்டாவது தடவையில்தான் கைதட்டினார்கள்.

2000 ஆகஸ்ட் 14-இல் டோரா வந்தபோது இந்த மரபு முழுவதும் அவள் கைக்குள் இருந்தது. உருவாக்கியவர்கள் கிறிஸ் கிப்போர்ட், வாலரி வால்ஷ் வால்டெஸ், எரிக் வெய்னர். 2007 ஏப்ரல் 29-இல் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கிய பிறகு, 'டோராவின் பயணங்கள்' தமிழில் வீடு வீடாகப் போனது. பூட்ஸ் என்ற குரங்குக் குட்டி புஜ்ஜி ஆனது. இன்றும் இருபது வயதைத் தாண்டிய தமிழ் இளைஞர்களிடம் டோரா புஜ்ஜி என்று சொல்லிப் பாருங்கள். குள்ளநரியை விரட்ட மும்முறை சேர்ந்து கத்திய நினைவு முகத்தில் வந்துபோகும். வசனமும் பாட்டும் தமிழாயின. கேட்டுவிட்டு நிற்கும் அந்த நொடிகளில் மட்டும் குரல் கலைஞர்களுக்கு வேலை இல்லை. அங்கே பேச வேண்டிய தமிழ், பார்க்கும் குழந்தையின் தமிழ்.

எல்லா இடைவெளியும் ஒரே தரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல இடைவெளியில் கேள்வி குழந்தைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பின்னணி ஓசை அடங்கும். கேட்டவர் கண் நம்மைவிட்டு அகலாது. பின்வரும் சொல் எந்தப் பதிலையும் அவமதிக்காது. டோராவிடமே ஒரு குறை உண்டு: யாரும் வாய் திறக்காவிட்டாலும் பாராட்டிவிடுவாள். ரோஜர்ஸ் அப்படிச் செய்யமாட்டார். அவரைப் பார்த்துப் பழகியவை என்று சொல்லிக்கொள்ளும் சில நிகழ்ச்சிகள் கேள்வி கேட்ட வேகத்திலேயே விடையையும் சொல்லிவிடுகின்றன. அது கேள்வியின் வேடம் போட்ட அறிவிப்பு. இன்று கைபேசியில் ஒன்று முடியும் முன் அடுத்தது தானாக ஓடும் காணொளிகளில் அந்த வேடம்கூட இல்லை.

1996-இல் கேள்வி கேட்டு நின்ற ஸ்டீவ், இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், ஒரு சிறு காணொளியில் மறுபடி வந்தார். அதே கோடுபோட்ட சட்டை. வளர்ந்துவிட்ட அந்தப் பழைய குழந்தைகளிடம், எப்படி இருக்கிறீர்கள், என்னவெல்லாம் செய்தீர்கள் என்ற பாவனையில் பேசிவிட்டு, பழையபடியே பொறுத்தார். வேலைக்கும் கடனுக்கும் குடும்பத்துக்கும் நடுவே அதைப் பார்த்த எத்தனையோ பேர் அழுதுவிட்டதாக எழுதினார்கள். நம்மிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவரை யாரும் மறப்பதில்லை.

குழந்தைகளுக்குத் தமிழில் படமும் காணொளியும் எடுப்பவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்ணத்துக்கும் பாட்டுக்கும் செலவழிக்கும் கவனத்தில் ஒரு பங்கை இந்த நிறுத்தத்துக்குச் செலவழியுங்கள். எழுதிய கேள்வியை ஒரு மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்டு, அது வாய் திறக்க ஆகும் நேரத்தை அளந்து, அவ்வளவையும் திரையில் விடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று. திரை கேள்வி கேட்கும்போது பக்கத்தில் இருந்தால், பதில் உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள். அந்த இடம் உங்கள் குழந்தைக்காக விடப்பட்டது.